வெறும் அட்டை

கல்லூரிக் கணினி அறையில் எனக்கு வேலை. எந்தப் பிளாப்பி வந்தாலும் எங்கள் யூனிக்ஸ் இயந்திரத்தில் முதலில் பார்மட் செய்துவிடுவேன். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்து புதிதாகிவிடும். கை அதற்கே பழகியிருந்தது.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வந்திருந்த அந்த மில் தொழிலாளியின் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. எதையும் தொடுமுன் கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார்.

"துபாய்லேர்ந்து மவன் குடுத்து விட்டுருக்கான் தம்பி. கடுதாசி இதுக்குள்ள இருக்காம். வாசிச்சுச் சொல்லுங்க."

வாங்கிப் போட்டு என்டர் தட்டிய பிறகுதான் உறைத்தது. இனி நிறுத்தியும் பயனில்லை. திரையில் பார்மட் ஓடி முடிவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உள்ள ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு பிளாப்பியை வாங்கினார். "வெறும் அட்டையக் குடுத்து விட்டுருக்கான் பாருங்க, கூறுகெட்ட பய. அவன ஏசி ஒரு கடுதாசி எழுதித் தாங்க."

அவர் சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன்.