முன்னால் நின்ற பூஜ்யம்

கணவர் துபாயில் இருக்கிறார். மாமனாரும் மாமியாரும் காலமான பிறகு, திருவிடைமருதூர் பக்கத்திலிருந்த வீட்டையும் குத்தகைக்கு விட்ட நிலத்தையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சென்னை அலுவலகம் சொன்னதும் நான் வந்துவிட்டேன். வயலைப் பார்த்த மாடியறையில் என் மேசை. அங்கே என்னைத் தவிர யாரும் ஏறி வந்ததில்லை.

நாங்கள் செய்வது ஒரு பாதுகாப்பு மென்பொருள். ஒரு கம்ப்யூட்டரின் முகவரியைக் கொடுத்தால், திருடன் நுழையக்கூடிய ஓட்டை அதில் இருக்கிறதா என்று தேடிச் சொல்லும். அந்த முகவரியை எழுதும் சின்னக் கட்டம் என் பொறுப்பு. சிலர் பெயரை எழுதுவார்கள், சிலர் எண்ணை. நடுவில் இடம் விடுவார்கள், இணையதளத்தின் முழு விலாசத்தையும் ஒட்டுவார்கள். எழுதியவர் சொல்ல வந்தது என்ன என்று என் நிரல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அறுவடை நேரத்தில் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு புகார் வந்தது. எழுதியவர் அங்கே ஒரு ஐஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். கண்ணெதிரே ஓடுகிற கம்ப்யூட்டரை ‘அங்கே எதுவும் இல்லை’ என்கிறதாம் எங்கள் மென்பொருள். மெயிலில் அவர் தந்த முகவரியில் ஒரு குறையும் தெரியவில்லை. போன் செய்தேன்.

“கட்டத்துல என்ன எழுதியிருக்கீங்களோ, அத அப்படியே வாசிங்க சார்.”

“நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு, புள்ளி, நூத்தி அறுபத்தெட்டு, புள்ளி, பூஜ்யம் பத்து...”

“பூஜ்யம் பத்தா?”

“ஆமாங்க. எல்லாம் மூணு இலக்கமா இருந்தா பாக்க வரிசையா இருக்கும்னு போட்டேன். தப்பா?”

மெயிலில் அந்தப் பூஜ்யத்தை எழுதாமல் விட்டிருந்தார். கட்டத்தில் எழுதியதும் தப்பில்லை. ஆனால் முன்னால் பூஜ்யம் நின்றால், பத்துப் பத்தாக எண்ணாமல் எட்டு எட்டாக எண்ணும் பழக்கம் சில பழைய நிரல்களுக்கு உண்டு. நாங்கள் உள்ளே வைத்திருந்ததும் அப்படித்தான். அவர் எழுதிய பத்தை அது எட்டு என்று படித்து, யாருமில்லாத வேறொரு முகவரியில் தேடிக்கொண்டிருந்தது.

விளக்கியதும் சிரித்தார். “அங்க என்னங்க சத்தம்? அறுப்பு மிஷினா?”

“ஆமா சார். திருவிடைமருதூர் பக்கம்.”

“அட, நம்ம பக்கந்தானா! நான் சென்னைன்னுல்ல நெனச்சேன். மழை பெஞ்சுச்சே, நெல்லு ஈரம் எப்படி?”

அலுவலகக் கூட்டங்களில் அந்தச் சத்தம் கேட்கக்கூடாது என்று மைக்கை அணைத்தே வைப்பேன். அன்று ஜன்னலைக்கூடச் சாத்தவில்லை. ஈரம், பதர், கொள்முதல் நிலையத்தில் காத்துக்கிடக்கும் மூட்டைகள் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது.

“பூஜ்யத்தத் தூக்கிட்டுப் பத்துன்னே எடுத்துக்கலாமே?” என்றார் மறுநாள் கூட்டத்தில் எங்கள் மேலாளர்.

“எட்டுன்னு தெரிஞ்சே எழுதறவங்களும் உண்டு சார். நாமளா ஊகிச்சா அடுத்தவங்க மிஷினுக்குள்ள போயிடுவோம். அவங்களையே கேட்டுடலாம்.”

ஒப்புக்கொண்டார். மாற்றி அனுப்பினேன். நாகப்பட்டினத்துக்காரர் கூப்பிட்டார்.

“பூஜ்யம் போட்டா இப்ப நின்னு ‘பத்தா, எட்டா’ன்னு கேக்குதுங்க. ரொம்ப நன்றி.”

“மத்த கம்ப்யூட்டரெல்லாம் சார்?”

“எல்லாம் நல்லா ஓடுது.”

“வேற எதுவும் பிரச்சினை?”

“ஒண்ணுமே இல்லீங்க.”

இன்னும் ஏதாவது ஒன்று கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நினைத்ததும் வெட்கமாக இருந்தது. பிறகு அவர் கூப்பிடவில்லை. நான் கூப்பிடவும் காரணம் இல்லை.

அந்த வாரம் ஒருநாள் வெயில் தாழ்ந்ததும் ரோட்டோர டீக்கடைக்கு நடந்தேன். கடைக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எந்த வீட்டுக்கு வந்திருக்கீங்க?”

“இங்கயேதாங்க இருக்கேன். ரெண்டு வருஷமாச்சு.”

நான் உட்காரப் பெஞ்சிலிருந்த சாக்கை இழுத்து ஓரமாகப் போட்டார். டீயில் சர்க்கரை அதிகம். மெதுவாகக் குடித்தேன்.