கொய்யா இலை வாசம்

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஓர் எலக்ட்ரிக்கல் கடையில் வேலை. நாலு பேர் கூடிய இடத்தில் என் குரல் எழும்பாது. போன மாதம் மகன் படிக்கும் பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். பதினோராம் வகுப்புப் பையன்கள் சிலரின் பையில் பேனா மாதிரி ஒரு கருவி அகப்பட்டதாம். வேப் என்கிறார்கள். இழுத்தால் மாம்பழ வாசனையோடு புகை வருமாம். செல்போன்தான் காரணம் என்றார் ஒருவர். சினிமா என்றார் இன்னொருவர். கடைசியில் எல்லோரும் கெட்ட சகவாசம் என்று முடித்து, கைதட்டிக் கலைந்தோம். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்தியது. அங்கே எழுந்து சொல்லாததை இங்கே எழுதுகிறேன். யாருக்காவது பிடிக்காமல் போனால் போகட்டும்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடத்துக்குப் போகிற வழியில் ஒரு சந்தில் குடியிருந்தோம். கொல்லையில் ஒரு கொய்யா மரம். அதன் பழத்தை அணில்கூட ஒரு கடி கடித்துவிட்டு அடுத்ததைத் தொடாது. அப்பா தென்னூரில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தார். வீட்டிலும் ஊசியைத் தொடுவது அவர் மட்டும்தான். பொத்தான் அறுந்தால்கூட அம்மா சட்டையை அவர் பக்கம் தள்ளிவிடுவாள்.

பள்ளியில் என்னை யாரும் அடித்ததில்லை, கேலி செய்ததும் இல்லை. கவனித்ததே இல்லை என்பதுதான் சரி. நான் 'உள்ளேன் ஐயா' சொன்னது காதில் விழாமல் பல நாள் எனக்கு ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள். எழுந்து போய்ச் சொல்ல வெட்கப்பட்டு அப்படியே விட்டுவிடுவேன்.

ப்ளஸ் ஒன் படித்த அண்ணன்கள் நாலைந்து பேர் காலையில் கொள்ளிடக் கரையில் தம் அடித்துவிட்டுப் பள்ளிக்கு வருவார்கள். மூலைக்கடையில் யார் கேட்டாலும் ஒற்றை சிகரெட் கிடைக்கும். பற்றவைத்துக்கொள்ள, முனையில் நெருப்புக் கனியும் கயிறு ஒன்று கடை வாசலிலேயே தொங்கும். பள்ளி வாசலில்தான் சிக்கல். அங்கே டிரில் மாஸ்டர் நிற்பார். சந்தேகம் வந்தால் பையனை நிறுத்தி, முகத்தருகே குனிந்து, "ஊது" என்பார். கொய்யா இலையை மென்றால் வாடை தெரியாது என்று அந்த அண்ணன்களில் ஒருவர் கண்டுபிடித்தார். மரம் எங்கே இருக்கிறது என்று தேடியதில் என்னையும் கண்டுபிடித்தார்கள்.

மறுவாரமே எனக்குப் பெயர் கொய்யா. "டேய் கொய்யா, வாடா. இன்னிக்கு நல்ல தளிரா பறிச்சிருக்கான் பாரு" என்பார் சைக்கிள் வைத்திருந்த அண்ணன். கேரியரில் என்னை ஏற்றிக்கொள்வார். சட்டைப் பையிலிருந்து இலைகளை எடுத்து ஆளுக்கு இரண்டாகக் கொடுப்பேன். ஒன்றைக் கிழித்துப் பாதியை என்னிடமே நீட்டுவார்கள். "நீயும் மெல்லுடா. கூட்டாளியில்ல நீ." சிகரெட்டை மட்டும் நீட்டியதில்லை. சின்னப் பையனாம். நானும் இலையை மட்டும் மென்றேன். நாக்கு துவர்த்துக் கிடக்கும். மனசு இனித்தது.

ஒரு நாள் மாஸ்டர் என்னை நிறுத்தினார். ஊதினேன்.

"கொய்யா இலையா? நீ என்ன ஆடாடா, இலை மேயறதுக்கு?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிகரெட் வாடையை மறைக்கத்தான் பையன்கள் இலை மெல்கிறார்கள் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஆகவே, என் வாயில் சிகரெட் வாடை இல்லாததே நான் குடித்ததற்குச் சாட்சியாகிவிட்டது. சட்டைப் பையில் வேறு இலைகள். யாருக்குக் கொண்டுபோகிறாய், பேரைச் சொல், இல்லாவிட்டால் டி.சி. வாங்கிக்கொண்டு போ என்றார். நான் சொல்லவில்லை. அப்பாவுக்கு ஆள் போனது.

அளவு நாடா கழுத்தில் தொங்கியபடியே அப்பா வந்தார். தலைமையாசிரியர் அறையில் மாஸ்டர் விவரம் சொல்லி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"குடிச்சியா?"

"இல்லப்பா."

அத்தனை பேர் முன்னால் குனிந்து என் வாயை மோந்து பார்த்தார்.

"இலை வாசம்தாங்க வருது, சார்."

"அதத்தாங்க நானும் சொல்றேன். மறைக்கத்தானே இலை."

"பையன் இல்லன்னு சொல்றானே சார். அப்ப இல்லதாங்க."

அப்பா யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அவர் குரல் என் குரலைவிடச் சன்னம். மாஸ்டர் மறுபடி ஏதோ சொல்ல என்னிடம் குனிந்தபோது அவர் மூச்சு என் முகத்தில் பட்டது. மூலைக்கடைக் கயிற்றருகே நிற்கும்போது அடிக்கும் அதே வாடை. சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் அவர் இடைவேளைதோறும் என்ன செய்வார் என்பது பள்ளிக்கே தெரியும்.

"சார், நீங்க ஊதுங்க" என்றேன்.

என் குரல் அந்த அறையின் கடைசிவரை கேட்டது. தலைமையாசிரியர் மேசையிலிருந்த நோட்டைத் திறந்து, பக்கத்தைப் புரட்டி, மூடினார். "கிளாஸுக்குப் போ" என்றார். டி.சி. பேச்சு அதோடு நின்றது.

வாசலில் அப்பா என்னைக் கண்டித்தார். பெரியவங்ககிட்ட அப்படிப் பேசக் கூடாது என்றார். சொல்லும்போது முகம் வேறுபக்கம் இருந்தது. "நீ நெசத்தச் சொல்ற வரைக்கும் நான் எங்க வேணா வந்து நிப்பேன்" என்றும் சொன்னார். நாடாவோடு பஸ் ஏறிப் போனார்.

சாயங்காலம் கொள்ளிடக் கரையில் எல்லாரும் காத்திருந்தார்கள். செய்தி எனக்கு முன்பே போயிருந்தது. "மாஸ்டரையே ஊதச் சொன்னவன்டா" என்று என்னை மணலிலிருந்து தூக்கிச் சுற்றினார்கள். சைக்கிள்கார அண்ணன் ஒன்றைப் பற்றவைத்து என்னிடம் நீட்டினார். "வேணாம்னா வேணாம்டா" என்றும் சொன்னார். யாரும் வற்புறுத்தவில்லை. வாங்கி இழுத்தேன். புரையேறியது. சிரிப்பார்கள் என்று நினைத்தேன், முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். நெருப்புத் துணுக்கு ஒன்று சட்டைப் பையோரம் விழுந்து மிளகளவு ஓட்டை போட்டது.

இருபது வருஷத்துக்கு மேல் சிகரெட் குடித்தேன். விட்டதும் சுலபமாக இல்லை. ஆனால் கெட்ட சகவாசம் என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளியில் என்னைப் பார்த்து 'வாடா' என்று சொன்னவர்கள் அவர்கள் மட்டும்தான். அதற்கு முன்னால் ஆப்சென்ட் போட்டவர்களைப் பற்றி ஏன் ஒரு கூட்டத்திலும் யாரும் பேசுவதில்லை? மாஸ்டரிடம் கேட்ட கேள்விக்காகவும் நான் வருந்தவில்லை. இன்றைக்கும் கேட்பேன். பிள்ளைகளின் பையைக் குடைந்து பார்ப்பவர்கள் முதலில் தங்கள் சட்டைப் பையைக் காட்டட்டும். என் மகனிடம் என் பழைய கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். அவன் பையை நான் திறந்து பார்க்கவில்லை.

கொள்ளிடக் கரையில் முதல் சிகரெட் இழுத்த மறுநாள் காலை என் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. பையோர ஓட்டை அதே நிற நூலால் தெரியாதபடி இழையோட்டப்பட்டிருந்தது. அம்மாதான் தைத்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பா வழக்கம்போல் எனக்கு முன்பே வேலைக்குப் போயிருந்தார். கொல்லைக்குப் போய் அண்ணன்களுக்கு இலை பறித்தேன். எனக்கும் இரண்டு பறித்துக்கொண்டேன்.