‘வாரேன்’ என்றால் கால், ‘போறேன்’ என்றால் ஃபோல்டு

1. யார் கவுகாத்தி போவது?

கோவை கணபதியில் ஒரு பம்புசெட் கம்பெனியில், சர்வீஸ் டிபார்ட்மென்டிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவள் நான். எரிந்த மோட்டாரையும் எரிந்து விழும் விவசாயியையும் தினமும் பார்த்தவள். ஆனால் வேலையில் எனக்கு வந்த பெரிய சோதனை, ஆனைகட்டி ரோட்டில் ஒரு ரிசார்ட்டில், கம்பெனி செலவில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது.

அப்போதுதான் பெரிய முதலாளி ஒதுங்கி, வெளிநாட்டில் படித்த அவர் மகன் எம்.டி. ஆகியிருந்தார். நாங்கள் அவரைச் சின்னவர் என்போம். கவுகாத்தியில் புது டிப்போ திறந்தார். சர்வீஸ் சீனியர் ஒருவர் இரண்டு வருடம் அங்கே போய் இருக்க வேண்டும், யாராவது முன்வாருங்கள் என்று மெயில் அனுப்பினார். எல்லோரும் ‘நோட்டட்’ என்று பதில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தோம். அதற்குத்தான் சீனியர்கள் ஏழு பேரையும் ரிசார்ட்டுக்கு வரவழைத்தார்.

“போக்கர் டோர்னமெண்ட் வைக்கறேனுங்க. காசெல்லாம் கிடையாது, வெறும் பிளாஸ்டிக் சிப்ஸ்தான். சிப்ஸ் தீந்து யார் முதல்ல அவுட்டோ, அவங்க கவுகாத்தி.”

தாராபுரம் ஏரியாவைப் பார்த்த பழனிச்சாமி அண்ணன் மெதுவாகக் கையைத் தூக்கினார். “ஏனுங்க சார், பேர எழுதிக் குலுக்கிப் போட்டுக்கலாமேங்க?”

“அது லக்குங்க. இது ஸ்கில்.”

கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீட்டில் இருந்துவிட்டு அப்போதுதான் வடவள்ளியில் சொந்த வீடு கட்டி முடித்திருந்தோம். ஃபாதர் வந்து ஜெபம் செய்து வீட்டை மந்திரிக்க நாள் குறித்தாகிவிட்டது. சமையல் மேடையை நானே நின்று பார்த்து என் உயரத்துக்குப் போடச் சொல்லியிருந்தேன். அதில் ஒரு காப்பிகூடப் போடாமல் கவுகாத்தி போவதா என்று நினைக்கவே ஆற்றாமையாக இருந்தது.

2. டீலர் சொன்ன விதி

சீட்டுப் போட கோவாவிலிருந்து ஒரு டீலரைக் கூட்டி வந்திருந்தார்கள். சுற்றுலா வரும் நம் ஆட்களிடம் பழகிக் கொஞ்சம் தமிழ் கற்றவர். ஆரம்பத்திலேயே விதியைச் சொல்லிவிட்டார்.

“வாரேன் சொன்னா கால். சிப்ஸ் போட்டு உள்ள இருக்கிறது. போறேன் சொன்னா ஃபோல்டு. சீட்டு போட்டு வெளிய. வாயில வந்தா முடிஞ்சுது, மாத்த முடியாது.”

எல்லோரும் தலையாட்டினோம். எங்கள் பக்கத்தில் ஒரு இடத்தை விட்டுக் கிளம்புகிறவர் ‘போறேன்’ என்று சொல்லவே மாட்டார், ‘வாரேனுங்க’ என்றுதான் சொல்வார் என்பது அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை. எழவு வீட்டில் மட்டும்தான் எதையும் சொல்லாமல் நழுவுவோம்.

3. ராணி ஜோடி

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எனக்கு இரண்டு ராணி வந்தது. ஆளுக்கு இரண்டு சீட்டு, அப்புறம் நடுவில் பொதுவாக ஐந்து சீட்டைத் திறப்பார்கள். கையில் ராணி ஜோடி என்பது நல்ல மோட்டார் மாதிரி. ஆனால் மூன்று ஃபேஸ் கரண்டில் ஒன்று போனால் மோட்டாரின் காயில் எரிந்து போச்சு. நடுவில் ராஜாவோ ஏஸோ திறந்து, அதற்கு ஜோடி வேறு யார் கையிலாவது இருந்தால் நாம் காலி. உள்ளே ஆள் கூடக் கூட அந்த ஆபத்தும் கூடும். அதனால் முதலிலேயே பெரிதாக ரெய்ஸ் செய்து, அதாவது பந்தயத்தை ஏற்றி, கூட்டத்தை விரட்ட வேண்டும். மொபைலில் இலவச ஆட்டம் ஆடிப் பழகியிருந்ததால் இது எனக்குத் தெரியும். என் சிப்ஸில் பாதியைத் தள்ளி, “ரெய்ஸுங்க” என்றேன்.

இடப்பக்கம் இருந்த பழனிச்சாமி அண்ணன் சீட்டைக் கீழே வைத்து எழுந்தார். “அம்மணி பலமா நிக்கறாங்க. நான் வாரேனுங்க.”

“கால்” என்று டீலர் அவர் சிப்ஸை நடுவே தள்ளினார்.

“இல்லீங்க, நான் வாரேனுங்க.”

“யெஸ் சார், கால்.”

“அட, எனக்கு வேண்டாமுங்க. அதான் வாரேன்னு சொல்றேனுங்க.”

“ஒரு தடவ சொன்னா போதும் சார்.”

அடுத்த நான்கு பேரும் அப்படியே மரியாதையாக விடைபெற்றார்கள். நான்கு பேரின் சிப்ஸும் உள்ளே போனது. கடைசியாக என் வலப்பக்கம், சர்வீஸ் ஸ்டோர்ஸைப் பார்த்த இப்ராகிம் பாய். கோட்டைமேட்டுக்காரர், விவரமானவர். “நான் கெளம்பறேன்” என்றார்.

“வாட்?”

“எந்திரிக்கறேன்.”

“வாட்?”

“அட, வாரேன் தம்பி.”

“கால்.”

நான் சின்னவரிடம் முறையிட்டேன். “சார், அவங்கெல்லாம் ஆட்டத்துல இருந்து போறாங்க சார்.”

“மேடம், விதின்னா விதிதான். கஸ்டமருக்கு வாய் வார்த்தை குடுத்துட்டு மாத்துவீங்களா?” என்றவர், ஒரு போன் வந்து பஜ்ஜித் தட்டுடன் ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

யாரை விரட்டக் கிளம்பினேனோ அத்தனை பேரும் உள்ளே. டீலர் முதல் மூன்று சீட்டைத் திறந்தார். ஏஸ், ராஜா, ஏழு.

“என்ற கைல ராஜா இருக்குதுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி” என்றார் பழனிச்சாமி அண்ணன். “எனக்கு ஏஸும்மா” என்ற இப்ராகிம் பாய் பதறிப்போய், தன்னிடம் மிச்சமிருந்த சிப்ஸை எல்லாம் நடுவே தள்ளினார். “இதையும் எடுத்துக்கங்க, என்னை விட்டா போதும்.”

“ஆல் இன்” என்றார் டீலர்.

அடுத்தது என் முறை. ராணியைக் கட்டிக்கொண்டு மோதினால் முதல் அவுட் நான்தான். விட்டுவிட்டால் பாதி சிப்ஸ் மிஞ்சும், வீடும் மிஞ்சும். சீட்டைக் கவிழ்த்தேன். டீலருக்கு அது போதவில்லை. “வாரேன்? போறேன்?” என்று கேட்டார்.

‘வாரேன்’ என்ன செய்யும் என்று கண்ணெதிரே பார்த்தாகிவிட்டது. சிலுவை போட்டுக்கொண்டு, என் ஆயுளில் முதல் தடவையாக, “போறேனுங்க” என்றேன்.

ஜன்னல் பக்கம் இருந்த சின்னவர் சட்டென்று திரும்பினார். “சூப்பர் மேடம். பாருங்க எல்லாரும், இதுதான் லீடர்ஷிப். ஸ்டெல்லா மேடம் கவுகாத்திக்குத் தானா போறேன்னுட்டாங்க. ஆட்டத்தை நிறுத்திக்கலாமுங்க.”

“சார், நான் சீட்டைச் சொன்னேன் சார்.”

“வாயில வந்துருச்சுங்களே மேடம்.”

ஆறு பேரும் கைதட்டினார்கள். இப்ராகிம் பாய்தான் கடைசிவரை தட்டினார்.

4. பாடம்

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்வேன். தொடக்கத்திலேயே நல்ல சீட்டு வந்தால் கூட்டத்தைக் குறைக்கப் பாருங்கள். குறையவில்லை என்றால் சீட்டை விட்டுவிடுங்கள், ஆட்டம் இன்னும் மிச்சம் இருக்கிறது. இந்த இரண்டையும் நான் சரியாகத்தான் செய்தேன். டீலருக்கு நம் பேச்சு புரியுமா என்று பார்க்காமல் மட்டும் உட்கார்ந்துவிட்டேன்.

ஃபாதர் முன்கூட்டியே வந்து வீட்டை மந்திரித்துக் கொடுத்தார். அந்த மேடையில் நான் போட்ட முதல் காப்பியை அந்த ஆறு பேரும்தான் குடித்தார்கள். குடித்துவிட்டு வரிசையாக “வாரேனுங்க” என்று கிளம்பினார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கோவை ஜங்ஷனில் ரயில் ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே நின்ற என் வீட்டுக்காரருக்குக் கண் கலங்கியிருந்தது. “பத்திரமா போயிட்டு வா கண்ணு” என்றார்.

“வாரேனுங்க” என்றேன். வண்டி நகரும்போது இன்னொரு தடவை, பெட்டியில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னேன். வாயில் வந்ததை மாற்ற முடியாதல்லவா.