நாலாயிரத்தில் திக்கிய சிவப்புக் கார்

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம். நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் நான்கு வழிச் சாலையில், ராசிபுரம் பிரிவுக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றும். கூடவே வெட்கமாகவும் இருக்கும்.

எங்களுக்கு நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் காடும் ஒரு கோழிப்பண்ணையும் இருக்கின்றன. எனக்குப் பைத்தியமெல்லாம் கார் மேல்தான். முப்பது வயதைத் தாண்டிய, இரண்டே இருக்கை உள்ள, கார்புரேட்டர் வைத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கியிருந்தேன். "தீவன மூட்டை ஒண்ணு வெக்க எடமில்ல, இதெல்லாம் ஒரு வண்டியா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். ஆனால் பக்கத்து இருக்கையில் முதலில் ஏறி உட்காருவதும் அவர்தான்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை அருகே ஒரு மெக்கானிக் இருக்கிறார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், என்னை 'அக்கா' என்பார். பழைய வண்டிகளின் கார்புரேட்டரில் அவர் கை வைத்தால் தனி சுகம். அவரிடம் சர்வீஸ் செய்து, ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் காரை எடுத்து வந்தேன். மறுநாள் பூஜை. அடுத்த வாரம் ஓட்டிப் பார்த்தால் வண்டியில் கோளாறு! ஊருக்குள் வெண்ணெய் போல ஓடும். சாலையில் ஏறி மூன்றாவது கியரில் அழுத்தினால், என்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டரில் முள் நாலாயிரத்தைத் தாண்டியதும் திக்கும். மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பார்களே, அதே மாதிரி. காலை எடுத்தால் சரியாகும், அழுத்தினால் மறுபடி திக்கும்.

அவரிடம் மூன்று முறை கொண்டு போனேன். பிளக் மாற்றினார், ஃபில்டர் மாற்றினார், கார்புரேட்டரை மறுபடி பிரித்துச் சேர்த்தார். பட்டறையில் நிற்கும்போது எவ்வளவு முறுக்கினாலும் என்ஜின் பாட்டுப் பாடும். சாலைக்கு வந்தால் பழைய கதைதான். மூன்றாவது முறை எனக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு வாடிக்கையாளர்கள் பார்க்கப் பார்க்க, "நல்லா இருந்த வண்டியக் கெடுத்துட்டீங்க" என்று கத்தினேன். வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கான எங்கள் வாட்ஸ்அப் குழுவில், "இவரிடம் யாரும் கார்புரேட்டரைத் தொடக் கொடுக்காதீர்கள்" என்று எழுதிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பதினோரு வண்டிகளாக ஏற்காடு போவதாக இருந்தது. கூடவே வரும் மெக்கானிக்காக அவரைத்தான் பேசியிருந்தோம். என் ஒரு வரியைப் படித்துவிட்டு, அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை, கடைசியாக ஒரு முறை நானே பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். வீட்டுக்காரர் பக்கத்தில் பண்ணைக் கணக்கு நோட்டோடு உட்கார்ந்து, எத்தனையாவது கிலோமீட்டரில் திக்குகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். ஆறாவது கிலோமீட்டரில் திக்கியது. வழியில் பங்கில் பெட்ரோல் போட்டோம். உடனே பறந்தது! பங்கிலிருந்து ஆறாவது கிலோமீட்டரில் மறுபடி திக்கல்.

அவர் நோட்டைப் பார்த்தபடி, "அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுமா? பெட்ரோல் போட்ட கையோட மட்டும் நல்லா ஓடுதே, அது ஏன்?" என்றார்.

"புதுப் பெட்ரோலுங்க, அதான்" என்றேன் அலட்சியமாக.

"பழைய பெட்ரோலும் உள்ளதானே கெடக்குது?"

எனக்குள் ஏதோ சுரீர் என்றது. வண்டியை ஓரங்கட்டி, பின்பக்கம் ஓடினேன். பெட்ரோல் மூடியைத் திருகினேன். 'உஸ்ஸ்ஸ்' என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது பாருங்கள், எனக்குப் புல்லரித்துவிட்டது! பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் பம்ப் இழுத்தும் பெட்ரோல் வராது. மெதுவாக ஓட்டும்போது சமாளிக்கும், அழுத்தினால் பட்டினிதான். அந்தக் காற்றுக்காக மூடியின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு.

அந்த ஓட்டை எங்கே என்று தேடினேன். அதன் மேல் வட்டமாக, கெட்டியாக, நடுவில் குங்குமத்தோடு சந்தனப் பொட்டு இருந்தது.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் டிராக்டர், போர் மோட்டார், தீவன அரவை மெஷின், எதையும் விட மாட்டோம். கார் எனக்குச் செல்லம் என்பதால் சந்தனத்தை வில்லையாக அப்பியிருந்தேன். பளபளவென்று கண்ணில் பட்ட அந்த மூடிக்கும் பார்த்துப் பார்த்து வைத்தவள் நானேதான். மங்கலம் போகக் கூடாது என்று அந்த இடத்தைக் கழுவவும் விடவில்லை.

துப்பட்டாவிலிருந்த ஊக்கைக் கழற்றி, சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஓட்டையைக் குத்தித் துடைத்தேன். வண்டியை எடுத்தேன். ஆறு கிலோமீட்டர், ஏழு, எட்டு. மூன்றாவது கியரில் அழுத்தினேன். நாலாயிரம், ஐயாயிரம், முள் ஆறாயிரத்தைத் தொட்டது! நான் கத்திய கத்தலில் பக்கத்தில் போன லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். வீட்டுக்காரர் நோட்டைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர்தான் மெதுவாகக் கேட்டார். "குரூப்புல என்ன போடப் போற?"

சந்தோஷம் சட்டென்று வடிந்தது. தானாகச் சரியாகிவிட்டது என்று சொன்னால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த எண்ணம் எனக்கு வந்தது, மறைக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் வீட்டில் உட்கார்ந்திருப்பார். சந்தனம் ஒட்டிய ஊக்கையும் மூடியையும் படம் எடுத்து, "தப்பு என்னுடையது. அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை" என்று எழுதினேன். சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன, வாங்கிக்கொண்டேன். அவரையே கூட்டிப் போகலாம் என்று எல்லோரும் சொன்ன பிறகு, நேராகச் சேலத்துக்கு விட்டேன்.

பட்டறையில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவர் கூச்சத்தோடு கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"மூணாவது தடவ வந்தப்பவே எனக்கும் மூடி மேலதான்க்கா சந்தேகம். சொரண்டிப் பாக்கலாம்னு போனேன். சந்தனமும் பூவும் இருந்துச்சு. நான் சர்ச்சுக்குப் போறவன். உங்க பூஜையை நான் கலைச்ச மாதிரி ஆயிடக் கூடாதுல்ல? உங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்கலாம்னு வந்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமேப்பா!"

"கேக்கத்தான்க்கா வந்து நின்னேன். நீங்க கத்திட்டு இருந்தீங்க."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டு வளைவுகளில் என் பக்கத்து இருக்கையில் அவர்தான் உட்கார்ந்து வந்தார், என் வீட்டுக்காரர் வேறொரு வண்டியில். என்ஜின் ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. இப்போதெல்லாம் யாராவது என்னிடம் எதையோ சொல்ல வந்து தயங்கி நின்றால், எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் பாதியில் நிறுத்திவிட்டு "சொல்லுங்க" என்கிறேன். நான் தேடிய பதில், அன்றைக்கு என் எதிரிலேயே கிரீஸ் கையோடு, நான் மூச்சு விடும் இடைவெளிக்காகக் காத்துக்கொண்டு நின்றதே!