பிழையில்லாத பிளேட்

1. நிறம் பார்த்த நாள்

செல்வியை எங்கள் பல் கிளினிக்குக்குக் கூட்டி வந்ததே அவளுடைய புருஷன் ரவிதான். கையைப் பிடித்துப் படியேற்றி, கதிரையைத் தன் லேஞ்சியால் துடைத்து உட்கார வைத்தான். எல்கடுவப் பக்கத்துத் தோட்டத்து லயத்து வீட்டில் குடியிருப்பவர்கள். அவன் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவன். அவளுக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டு போயிருந்தன.

மாத்தளை டவுனில் இதே கிளினிக்கில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்கிறேன். நான் நர்ஸ் இல்லை. ஆனாலும் எல்லோரும் ‘மிஸ்’ என்று கூப்பிடுவார்கள், நானும் திருத்தியதில்லை. சாமான் கழுவுவது, சிமெந்து குழைப்பது, போன் கோல் எடுப்பது, டொக்டரின் சிங்களத்தைத் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்வது எல்லாம் என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

“எப்பிடி ஒடஞ்சிச்சு?” என்று கேட்டேன்.

“பீலிக்கரையில வழுக்கி விழுந்துட்டேன் மிஸ்” என்றாள். தண்ணீர் பிடிக்கிற இடம், பாசி இருக்கும், வழுக்கும். நம்பினேன்.

பொய்ப்பல் பிளேட் கட்டுவதென்றால் மற்றப் பற்களின் நிறத்துக்குப் பொருந்த வேண்டும். மாதிரிப் பற்கள் கோத்த ஷேட் கைடை நான் நீட்ட, ரவி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பார்த்தான். “இது சரியான வெள்ளை மிஸ், கடையில வாங்கின மாதிரி இருக்கும். அவளுக்கு லேசா மஞ்சள் ஓடும், சிரிச்சா வடிவா இருக்கும்” என்று சொல்லி ஒன்றைத் தொட்டுக் காட்டினான். டொக்டர் பார்த்தார். அதுவேதான். தன் பெண்சாதியின் பல்லின் நிறத்தை இப்படி மனதில் வைத்திருக்கிற ஆம்பளையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அவர்கள் போன பிறகு டொக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “மோகனா, விழுந்தா நாடி உரசும், உள்ளங்கை உரசும். இவளுக்கு உதட்டுக்கு உள்பக்கம் மட்டும்தான் காயம்.”

அடித்தவன்தானா ஜன்னலடியில் நின்று நிறம் பார்த்தவன்? குடித்துவிட்டு, கண் சிவந்து, சத்தம் போடுகிறவன் என்றால் விளங்கியிருக்கும். இவனிடம் பவுடர் வாசம்தான் வந்தது.

2. எங்கே குத்துகிறது?

பிளேட் வந்தது. நன்றாகப் பொருந்தியது. அடுத்த வியாழக்கிழமை செல்வி தனியாக வந்து, “குத்துது மிஸ்” என்றாள். அவளிடம் போன் இல்லை. ரவி தம்புள்ளையிலிருந்து எங்கள் கிளினிக் நம்பருக்குக் கோல் எடுப்பான். “செல்வி வந்துட்டாவா மிஸ்?” கொஞ்ச நேரத்தில் இன்னொரு கோல். “கெளம்பிட்டாவா?”

முதலில் அதை அக்கறை என்று நினைத்தேன். எனக்கு அப்பெண்டிக்ஸ் ஒப்பரேஷன் நடந்த அன்று எங்கள் வீட்டு மனுஷன் மேட்ச் முடிந்த பிறகுதான் கோல் எடுத்தார். அந்த வயிற்றெரிச்சலில் ரவிக்கு மனதுக்குள் நல்ல பெயர் கொடுத்துவிட்டேன். டொக்டர் சொன்னது நினைவு வந்தால் அந்தப் பெயரைத் திருப்பி எடுப்பேன். அடுத்த கோலில் “பாத்துக்கங்க மிஸ், அவ வலி சொல்ல மாட்டா” என்பான். மறுபடி குழம்புவேன்.

அதற்கு அடுத்த வியாழனும் வந்தாள். டொக்டர் நீலத்தாளைக் கடிக்க வைத்துப் பார்த்தார். உயரமான இடம் இருந்தால் அங்கே நீலம் பதியும், அதை ராவி விடுவோம். ஒன்றும் பதியவில்லை. பல் முரசில் ஒரு சிவப்புக்கூட இல்லை.

“எங்க குத்துது?” என்று கேட்டேன்.

“எங்கன்னு சொல்லத் தெரியல.”

மூன்றாம் தரம் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. டொக்டர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பிளேட்டை நானே ராவ எடுத்தேன். செல்வி என் கையைப் பிடித்தாள்.

“ராவாதீங்க மிஸ். நல்லா இருக்கு.”

“அப்ப ஏன் பிள்ள வாறீங்க?”

வாசலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். இலவசமாக வழக்குப் பேசுகிற லோயர் மிஸ் ஒருவர் டவுனில் இருக்கிறார். கோட்டில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், கேட்டால் அவன் கிட்ட வர ஏலாது என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பல தரம் வர வேண்டும். கிளினிக் என்று சொன்னால் மட்டும்தான் அவளுக்கு டவுனுக்கு வர விடுதலை. அலுவிகாரையில் இருக்கிற அக்காவைப் பார்க்கக்கூட விடுவதில்லை.

“முந்தி ஒரு தரம் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். பேசிச் சமாதானமாக்கி அவரோடயே அனுப்பிட்டாங்க. அவரு குடிக்க மாட்டாரு மிஸ். கோயில் கமிட்டியில இருக்காரு. லயத்துல யாரு நம்புவாங்க?”

“பிறகு ஏன் இவ்வளவு காலம் இருந்தீங்க?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஏதோ நான் அறைந்தது போல அவள் முகம் சுருங்கிவிட்டது.

“அடிச்சா அழுவாரு மிஸ். என்னைய விடக் கூட அழுவாரு” என்றாள்.

“அடுத்த வியாழனும் குத்தட்டும், வாங்க” என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

3. மன்னிப்புக் கேட்டது

ஒரு நாள் காலையில் ரவியே வந்தான். லேஞ்சியைப் பிரித்து பிளேட்டை என் மேசையில் வைத்தான். பின்னால் செல்வி, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு. வரிசையில் ஆட்கள் இருந்தார்கள்.

“மிஸ், உண்மையச் சொல்லுங்க. இதுல பிழை இருக்கா, இல்லையா?”

கேள்வி பிளேட்டைப் பற்றியது. ‘இல்லை’ என்று நான் சொன்னால் அன்று வீட்டில் என்ன நடக்கும் என்பது எனக்கும் தெரியும், செல்விக்கும் தெரியும். எங்கள் டொக்டரின் பிளேட் கண்டி வரைக்கும் பேர் எடுத்தது. அவர் உள்ளே ஒருவருக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“பிழை இருக்குங்க” என்றேன். “எங்க பக்கத்துப் பிழை. லேப்பில சரியா வரல.”

அவ்வளவுதான். ரவி கத்தத் தொடங்கினான். “என் பொஞ்சாதி இத்தன நாளா சாப்பிட ஏலாமக் கெடக்குறா. ஒரு பொம்பளைய இப்பிடி வதைக்கலாமா? உங்களுக்கு மனசாட்சி இல்லையா?” கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். அங்கேதான் எனக்கு எல்லாம் சிக்கலாகிப் போனது. வரிசையில் இருந்தவர்கள் என்னை முறைத்தார்கள். ஒரு அம்மா “ஐயோ பாவம், நல்ல மனுஷன்” என்றார். எனக்கே நான்தான் அவளை நோகடித்தவள் போல இருந்தது. இரண்டு கையும் கூப்பி மன்னிப்புக் கேட்டேன்.

“விடுங்க, மிஸ் பாவம்” என்றாள் செல்வி, அவன் கையைத் தொட்டு.

“சரி மிஸ், பரவாயில்ல. இனிமே கவனமா இருங்க” என்றான். அவன் என்னை மன்னித்தான்!

அவர்கள் போனதும் டொக்டர் வெளியே வந்தார். எல்லாம் அவருக்குக் கேட்டிருந்தது. முகம் கறுத்திருந்தது. அவரை உள்ளே கூட்டிப்போய், நடந்ததை முழுக்கச் சொன்னேன். பிளேட்டைக் கையில் வைத்து நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்ல வேலை இது” என்றார். பிறகு, “புதுசா ஒண்ணு செய்வோம்னு சொல்லு. லேட் ஆகும்னு சொல்லு.”

பத்து நாளில் முடிகிற வேலையை நாங்கள் இழுத்த இழுப்பு! அச்சு சரியில்லை, லேப்பில் கரண்ட் இல்லை, சாமான் கொழும்பிலிருந்து வரவில்லை. இவ்வளவு சோம்பேறிகளாக நாங்கள் ஒருநாளும் இருந்ததில்லை.

4. கோட்டு நாள்

வழக்குக் கூப்பிட்ட வியாழனன்று செல்வி கிளினிக்குக்கு வராமல் நேராகக் கோட்டுக்குப் போனாள். வழக்கம் போல போன் அடித்தது.

“வந்துட்டாவா மிஸ்?”

“உள்ள இருக்கா.”

“ஒரு நிமிஷம் குடுங்களேன், பேசணும்.”

இதற்கு முன் அவன் அப்படிக் கேட்டதில்லை. “ஊசி போட்டிருக்குங்க. வாய் மரத்துப் போயிருக்கு, பேச ஏலாது” என்றேன். போனை வைத்த பிறகு என் கைதான் மரத்துப் போயிருந்தது.

இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கிடைத்தது. செல்வி அன்றே அலுவிகாரைக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ரவி கிளினிக்குக்கு ஒரு தரம் கோல் எடுத்தான். திட்டுவான் என்று பயந்தேன். அவன் அழுதான். “சாப்பாடு எறங்குதில்ல மிஸ். அவகிட்ட அத மட்டும் சொல்லுங்க.”

கொஞ்ச நாள் கழித்துப் புது பிளேட்டைப் போட செல்வி வந்தாள். வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்றில் கறுவாப்பட்டையைப் பக்கெட் பண்ணுகிற வேலை கிடைத்திருந்தது. பிளேட்டைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அவரு கோல் எடுத்தாரா மிஸ்?”

“இல்ல” என்றேன் உடனே.

அவனிடம் பொய் சொன்னபோது எனக்குப் பாரமாக இல்லை. இது பாரமாக இருந்தது. அவள் யாரோடு பேசலாம், எதைக் கேட்கலாம், எங்கே போகலாம் என்று முடிவு பண்ணுவது இவ்வளவு காலமும் அவன் செய்த வேலை. இப்போது அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேனா?

“எடுத்தாரு பிள்ள” என்றேன். “அழுதாரு. சாப்பாடு எறங்கலன்னு சொல்லச் சொன்னாரு.”

அவள் முகத்தில் வந்தது பயமா, இரக்கமா, ஆசையா? பக்கத்திலேயே இருந்தும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. “நான் என்ன மிஸ் செய்ய?” என்றாள்.

என் வாய் நிறையப் புத்திமதி இருந்தது. ‘போயிடாத, இரங்காத, மறுபடி பல்லு போகும்.’ எல்லாவற்றையும் விழுங்கினேன். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஏன் இருந்தாய் என்று கேட்காதீர்கள், திரும்பிப் போகாதே என்று கட்டளையும் போடாதீர்கள். அவளுக்கு வர ஒரு இடம் இருக்கட்டும். இது போதுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

“அடுத்த வியாழன் வாங்க, பிளேட்டைப் பாப்போம்” என்றேன்.

அந்தக் கிழமை முழுக்க எனக்கு நித்திரை சரியில்லை. வியாழக்கிழமை வந்தாள். தனியாகத்தான் வந்தாள்.