ஆரத்தி எடுத்த புல்டோசர்

என் மகள் ரேவதி டிவியில் கேம் விளையாடிக்கொண்டிருந்தாள். மலை உயரத்துக்கு ஒரு வேற்றுக்கிரக இயந்திரம், தரையைச் சமன் செய்து கோபுரம் கட்டிக்கொண்டே நகர்ந்தது. அதன் உறுமலைக் கேட்டதும் சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு வந்த புல்டோசர் ஞாபகம் வந்தது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம். கச்சிராயபாளையம் ரோட்டில் மறியலுக்காகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் ஓடவில்லை, கூலி வேலையும் இல்லை. தெருவுக்குக் கிணறு கேட்டு மனு கொடுத்து அலைந்த அப்பா, புல்டோசர் வருவதைப் பார்த்ததும் கிணறு வெட்டத்தான் வருகிறது என்று நம்பிவிட்டார். அம்மா அதற்கு ஆரத்தி சுற்றினாள். அத்தை கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு நிதானமாகச் சுற்றவில்லை. முன்னால் இருந்த பெரிய இரும்புத் தகட்டில் குங்குமமும் வைத்தாள்.

அந்தக் குங்குமத்தோடு அது ரோட்டில் கிடந்த மரங்களை ஓரத்தில் இருந்த எங்கள் கூரைமேல் தள்ளியது.

"யோவ், அது வூடுய்யா. அடுப்பு எரிஞ்சிக்கினு இருக்குதுய்யா" என்று அப்பா கத்தினார்.

கூட வந்த அதிகாரி, "பொறம்போக்கு தான? காலி எடம்னுதான் எழுதியிருக்குது" என்றார்.

கிணறு கடைசிவரை வரவில்லை.

"அந்த மெஷினு போற எடத்துல யாரும்மா இருக்கறாங்க?" என்று ரேவதியைக் கேட்டேன்.

"யாருமில்லப்பா. காலி கெரகம்."

"யாரு சொன்னா?"

"கேம்லயே போட்டிருக்குதுப்பா."

"போட்டவன் எறங்கிப் பாத்தானா?"