பதினெட்டுப் புத்தி

சலவைக் கடையில் நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறவள், ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் மந்திரவாதி ஆகிவிடுவாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் கடையின் பின்னறையில் ஒரு விளையாட்டு நடத்துவார்; அதற்கு அவர்தான் கதை சொல்வார். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து அந்தக் கதைக்குள் வாழ்வார்கள். பலம், வேகம், புத்தி என்று ஒவ்வொரு வேடத்துக்கும் பகடை உருட்டி எண் குறிப்பார்கள். அவளுடைய மந்திரவாதிக்குப் புத்தி பதினெட்டு. அதற்குமேல் யாருக்கும் கிடையாது.

“எனக்கு எதுக்குங்க இது? பள்ளிக்கூடத்துலயே என்னை மண்டுன்னுதான் கூப்பிடுவாங்க” என்று முதல் நாளே அழமாட்டாக் குறையாகச் சொன்னாள். பஸ் டிரைவரான கணவர் கேட்கவில்லை. “நான் பக்கத்துலயே இருக்கேன்ல?” என்றார். அன்றிலிருந்து விடுகதை வந்தாலும் பூட்டு வந்தாலும் அவள் காதருகே குனிந்து விடையைச் சொல்வார். அவள் அதை உரக்கச் சொல்வாள். எல்லோரும் கை தட்டுவார்கள்.

போன மழைக்காலத்தில், பயணிகளோடு பஸ்ஸைப் பத்திரமாக ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, அந்த மனுஷன் ஸ்டியரிங்கின் மேலேயே சாய்ந்தார்; பிறகு எழவே இல்லை.

பல வாரம் கழித்து அவள் மறுபடி வந்து உட்கார்ந்தாள். கூட விளையாடும் கொழுந்தன் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தான்.

“அண்ணி, மந்திரக்கோலை வெச்சுட்டு நீங்களும் வாளைத் தூக்கிக்கங்க. வெட்டுறதுக்கு யோசிக்கவே வேணாம். என் ஆளுக்குப் புத்தி ஆறுதான். வண்டி ஓடலையா?”

“உனக்கு ஆறா? யாருப்பா அவ்ளோ தாராளமா குடுத்தது?” என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

அவளும் சிரித்தாள். ஆனால் கோலை விடவில்லை. வீட்டில் அவருடைய சட்டைகளைக்கூடக் கொடுத்தாகிவிட்டது. அவரோடு இருந்த இடம் என்று மிச்சமிருப்பது இந்த மந்திரவாதி ஒன்றுதான். இதையும் விட்டால் எங்கே போவாள்?

கதையில் கல் கதவு ஒன்று வழி மறித்தது. கடைக்காரர் குரலைக் கனமாக்கிக்கொண்டார்: “வெளிச்சத்தைப் பார்த்து நடந்தால் பின்னால் வருவேன். முதுகைக் காட்டினால் முன்னால் ஓடுவேன். நான் யார்?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு மண்டைக்குள் வெறும் இருட்டு.

“அந்த மந்திரவாதிக்குத்தான் பதினெட்டு. எனக்கு எட்டுகூட இல்ல. நான் கிளம்பறேன்” என்று எழுந்தாள்.

“உக்காரும்மா. உனக்குத் தெரிய வேண்டியதில்ல, அவனுக்குத் தெரிஞ்சா போதும்” என்று கடைக்காரர் இருபது முகப் பகடையை நகர்த்தினார். “பதினெட்டுக்குள்ள விழுந்தா விடையை நானே சொல்லிடுவேன். ஆரம்பத்துலேருந்து இருக்கற விதிதான்.”

“ஆரம்பத்துலேருந்தா? அப்ப ஏன் யாருமே எங்கிட்ட சொல்லல?”

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். “அண்ணன்தான் சொல்லக் கூடாதுன்னுச்சு. ‘அவ வேலை முடிஞ்சு வரும்போது நான் ராத்திரி பஸ்ஸுக்குப் போறேன். அவ காதுல நான் பேசறதே இங்கதான்டா’ன்னுச்சு.”

அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை காலமும் என்னை மக்காகவே நினைக்க விட்டீரே, பாவி மனுஷா! அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது? ஆள் இருந்தாலல்லவா சண்டை போட? கோபம் பாதியிலேயே கரைந்து கண்ணில் வழிந்தது.

பகடையை உருட்டினாள். ஐந்து.

“நிழல்” என்றார் கடைக்காரர்.

நிழல்! இவ்வளவுதானா? ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் அவளுக்கே வந்திருக்கும். அந்த ஒரு நிமிஷம் பொறுக்கத்தான் அவள் பழகவே இல்லை.

“கதவு திறந்தாச்சு. உள்ள படி இறங்குது. என்ன பண்றே?”

“கொஞ்ச நேரம் வாசல்லயே நிக்கறேன்.”

“யாரு, மந்திரவாதியா, நீயா?”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ரெண்டு பேரும்தான்.”